ஆட்டோகேட் கோப்பு திறக்க ஆறு நிமிஷம்: புது லேப்டாப் வாங்கித்தான் ஆகணுமா?

ஜூரோங்_டிராஃப்டர் | திங்கள், இரவு 11:14

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னிக்குப் பொறுமை போயிடுச்சு, எழுதுறேன்.

சிங்கப்பூர்ல உபி பக்கம் ஒரு சின்ன இன்டீரியர் கம்பெனியில டிராஃப்டரா இருக்கேன். மூணு நாள் ஆபீஸ், மீதி நாள் வீடு (ஜூரோங் வெஸ்ட்). வேலை பெரும்பாலும் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை, ஐந்தறை வீடுகள். கிச்சன் கேபினெட், வார்ட்ரோப், டிவி கன்சோல் இந்த மாதிரி. எப்பவாவது ஒரு தரைவீடு வரும். பிளான் ஆட்டோகேட்ல, முப்பரிமாணம் ஸ்கெட்ச்அப்ல.

லேப்டாப் 2021ல வாங்குனது. ஐ5 11400எச், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஜிடிஎக்ஸ் 1650. வாங்கும்போது பறந்துச்சு. இப்போ ஒரு நாலறை வீட்டுக் கோப்பைத் திறக்க ஆறு நிமிஷம். விளையாட்டுக்குச் சொல்லல, போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுப் பார்த்தேன். ஜூம் பண்ணா திக்குது. லேஅவுட் டேப் மாத்துனா கர்சர் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. ஸ்கெட்ச்அப்ல நேத்து ஒரு தரைவீட்டைத் திருப்பிப் பார்க்கவே முடியல.

பாஸ் "புதுசு வாங்கு, பாதி நான் தர்றேன்"னு சொல்லிட்டார். பார்த்து வெச்சிருக்கிறது 2,600 வெள்ளி. பாதின்னாலும் எனக்கு அது பெரிய காசு. வாங்குறதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணிப் பார்க்க முடியுமா?

புதுசே_வாங்கு | திங்கள், இரவு 11:31

8 ஜிபி ரேமை வெச்சுக்கிட்டு ஸ்கெட்ச்அப்பா? பாஸ் பாதி தர்றாருன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுங்க லா. மேக் பாருங்க.

பிம்_அக்கா | திங்கள், இரவு 11:40

மேக்கா? நாளைக்கு அவர் ரெவிட் (கட்டட மாடல் மென்பொருள்) வேலைக்கு மாறினால் என்ன செய்வார்? ரெவிட்டுக்கு மேக் பதிப்பே கிடையாது. ஆட்டோகேட்டுக்கு உண்டு, ஆனால் அதில் எல்லா வசதியும் இல்லை. யோசனை சொல்லும்போது அவர் வேலையையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

உபி_கேட்காரன் | செவ்வாய், காலை 7:52

தம்பி, எம்ஆர்டி ரயில்ல இருந்து எழுதுறேன், சுருக்கமா கேக்குறேன்.

அந்தக் கோப்பு எத்தனை எம்பி? எல்லாக் கோப்பும் அப்படியா, இல்ல சிலது மட்டுமா? புதுசா ஒரு காலி டிராயிங் திறந்தா எவ்வளவு நேரம் ஆகுது? இதே கோப்பு ஆபீஸ்ல எப்படி ஓடுது, வீட்டுல எப்படி?

இந்த நாலுக்கும் பதில் வராம யாரும் எதையும் வாங்கச் சொல்லாதீங்க. நோய் பெட்டியிலயா கோப்புலயான்னே இன்னும் தெரியல.

ஜூரோங்_டிராஃப்டர் | செவ்வாய், மதியம் 1:05

அண்ணே, நன்றி. கோப்பு 48 எம்பி. கம்பெனி கோப்பு எல்லாமே கனம்தான், இது கொஞ்சம் மோசம். காலி டிராயிங் 50 செகண்ட் எடுக்குது. நீங்க கேட்ட பிறகுதான் கவனிச்சேன்: ஆபீஸ்ல இதே லேப்டாப்புல, இதே கோப்பு ரெண்டரை நிமிஷத்துல திறக்குது. வீட்டுலதான் ஆறு.

உபி_கேட்காரன் | செவ்வாய், மதியம் 1:20

நாலறை வீட்டு பிளானுக்கு 48 எம்பியா? அதுக்குள்ள ஜூரோங் வெஸ்ட் முழுசும் இருக்கா?

ஒழுங்கான நாலறை பிளான், மின்சாரப் புள்ளி, கேபினெட் விவரம் எல்லாம் சேர்த்தாலே 2, 3 எம்பி தாண்டக்கூடாது. இது கோப்பு நோய். ஆனா ஆபீஸுக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் வருதே, அது தனி நோய். ரெண்டு இருக்கு. ராத்திரி எழுதுறேன்.

ஈசூன்_இரவுப்பறவை | செவ்வாய், இரவு 9:10

கேட்காரர் கோப்பைப் பார்க்கட்டும், நான் பெட்டியைப் பார்க்கிறேன்.

வீட்டுல இருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்க. இப்போ அந்த 48 எம்பி கோப்பைத் திறந்துட்டு, அது யோசிக்கிற ஆறு நிமிஷமும் இந்தப் பக்கத்தையே பாருங்க. எனக்கு வேண்டியது: சிபியு எத்தனை சதம், அதுக்குக் கீழ 'ஸ்பீட்'னு இருக்கிற கிகாஹெர்ட்ஸ் எண், மெமரி எவ்வளவு, டிஸ்க் எத்தனை சதம். போட்டோவா எடுத்துப் போட்டாலும் சரி.

ஜூரோங்_டிராஃப்டர் | செவ்வாய், இரவு 9:48

பார்த்தேன்.

சிபியு 9 சதம்தான், ஏறவே இல்ல. ஸ்பீட் 0.79 கிகாஹெர்ட்ஸ். மெமரி 7.3 ஜிபி போயிடுச்சு, மொத்தமே 7.8தான் காட்டுது. டிஸ்க் 100க்குப் போய்ப் போய் வருது.

சிபியு 9 சதம்னா அது சும்மாதானே இருக்கு? அப்புறம் ஏன் இவ்வளவு மெதுவு?

ஈசூன்_இரவுப்பறவை | செவ்வாய், இரவு 10:15

சும்மா இல்ல, அந்த 9 சதம் ஏமாத்துது. உங்க சிபியுவில 6 கோர், 12 திரெட். டாஸ்க் மேனேஜர் காட்டுறது பன்னிரண்டுக்கும் சேர்த்து சராசரி. ஒரே ஒரு திரெட் மூச்சு முட்ட ஓடி, மீதி பதினொண்ணு கைகட்டி நின்னா என்ன வரும்? 100ஐ 12ஆல வகுங்க. எட்டும் சொச்சமும். ஆட்டோகேட் கோப்பு திறக்கிறது, வரையறது, ரீஜென் (திரையில படத்தை மறுபடி போடுறது) எல்லாம் பெரும்பாலும் ஒரே திரெட் வேலை. ஸ்கெட்ச்அப்ல மாடல் பண்றதும் அப்படித்தான். ரெண்டரிங் (மாடலை நிஜப் படம் மாதிரி ஆக்குறது) மட்டும்தான் எல்லா கோரையும் வேலை வாங்கும்.

அதனாலதான் கேட் (CAD, கணினியில வரையற) வேலைக்கு லேப்டாப் வாங்குறவங்க கிட்ட நான் கோர் எண்ணிக்கையைப் பார்க்காதீங்க, ஒரு கோரோட வேகத்தைப் பாருங்கன்னு சொல்றது. 16 கோர்னு பெருமையா ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருப்பாங்க. அதுல 15 கோர் உங்களுக்கு வரையும்போது வேலைக்கே வராது.

ஆனா உங்க விஷயத்துல நெஞ்சைப் பதற வெக்கிற எண் அது இல்ல, 0.79தான். உங்க சிபியு 4.5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகக்கூடியது. ஓடுற அந்த ஒரே ஆளையும் காலைக் கட்டி ஓட விட்டிருக்கு. சும்மா இருக்கும்போது வேகம் குறையறது இயல்பு. வேலை நடக்கும்போது 0.8க்குக் கிட்ட ஒட்டிக்கிட்டு நின்னா, ஒண்ணு சூடு, இல்ல மின்சாரம். வீட்டுல எந்த சார்ஜர் போடுறீங்க?

ஜூரோங்_டிராஃப்டர் | செவ்வாய், இரவு 10:22

ஐயையோ.

லேப்டாப்போட வந்த சார்ஜர் செங்கல் மாதிரி கனம், தூக்கிட்டு அலைய முடியலன்னு ஆபீஸ்லயே போட்டு வெச்சிருக்கேன். வீட்டுல டைப்-சி சார்ஜர், 65 வாட். பேட்டரி ஏறுது, அதான் பிரச்சினை இல்லன்னு நினைச்சேன்.

ஈசூன்_இரவுப்பறவை | செவ்வாய், இரவு 10:26

செங்கல்ல எத்தனை வாட்னு எழுதியிருக்கும்னு நினைக்கிறீங்க? தனி கிராபிக்ஸ் அட்டை இருக்கிற லேப்டாப்புக்கு 65 வாட் கஞ்சித் தண்ணி. பேட்டரி ஏறும், மெயில் பார்க்கலாம். கனமான வேலை வந்தா மெஷின் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். நாளைக்கு செங்கலைத் தூக்கிட்டு வாங்க.

கோயில்_தொண்டூழியர் | செவ்வாய், இரவு 11:02

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தொல்லையும் இதே ரகம். கோயில் திருவிழாவுக்கு 3 மீட்டருக்கு 1 மீட்டர் பேனர், ஃபோட்டோஷாப்பில் செய்கிறேன். 16 ஜிபி ரேம் இருந்தும் ஒவ்வொரு தூரிகை இழுப்புக்கும் கணினி மூச்சு வாங்குகிறது. நேற்று இரவு சேமிக்கவே மறுத்துவிட்டது. மூன்று மணி நேர வேலை போச்சு. உற்சவருக்கு மாலை வரைந்து முடித்திருந்தேன்.

தேக்கா_பேனர் | புதன், அதிகாலை 12:10

சார், ரெசல்யூஷன் 300 வெச்சீங்களா?

கோயில்_தொண்டூழியர் | புதன், காலை 6:30

ஆமாம். அச்சுக்கு 300 என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

தேக்கா_பேனர் | புதன், காலை 10:45

அது கையில பிடிச்சுப் பார்க்குற கல்யாண அட்டைக்கு சார். கோயில் வாசல்ல உயரத்துல தொங்குற பேனரை யாரும் மூக்கை வெச்சுப் பார்க்கப் போறதில்ல.

கணக்கைப் பாருங்க. 3 மீட்டர், அங்குலத்துக்கு 300ல 35,433 பிக்சல். 1 மீட்டர், 11,811. பெருக்குனா 41 கோடியே 84 லட்சம் பிக்சல். சிஎம்ஒய்கேல (அச்சுக்கான நிற முறை) ஒரு பிக்சலுக்கு 4 பைட், அப்போ ஒரு முழு லேயருக்கே 1.6 ஜிபி. நீங்க சாமி படம், மாலை, பின்னணி, எழுத்துக்கு நிழல்னு பத்துப் பன்னிரண்டு லேயர் போட்டிருப்பீங்க. 16 ஜிபி எப்படிப் போதும்? ரேம் தீர்ந்ததும் ஃபோட்டோஷாப் ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கு (டிஸ்க்குல எடுத்துக்கிற தற்காலிக இடம்) போயிடும். அங்க போனா எஸ்எஸ்டியே ஆனாலும் ரேம் வேகம் வராது.

சேமிக்க மறுத்ததுக்குக் காரணமும் இதுதான். பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கம் 30,000 பிக்சலுக்கு மேல தாங்காது, 2 ஜிபிக்கு மேலயும் போகாது. உங்களோடது 35,433. அதுக்கு மேலன்னா பிஎஸ்பின்னு வேற வகை கோப்பாத்தான் சேமிக்கணும்.

100ல பண்ணுங்க. 11,811க்கு 3,937. ஒரு லேயர் 186 எம்பி, ஒன்பதுல ஒரு பங்கு. அந்தத் தூரத்துல வித்தியாசத்தைச் சாமி மட்டும்தான் கண்டுபிடிப்பார். எழுத்தை மட்டும் ஃபோட்டோஷாப்ல போடாம இல்லஸ்ட்ரேட்டர்ல வெக்டரா போட்டா இன்னும் கூர்மை.

ஒரு விஷயம், இதுக்குச் சம்பந்தம் பாதிதான்: தமிழ் எழுத்துரு எத்தனை ஏத்தி வெச்சிருக்கீங்க? என்கிட்ட வர்றவங்க லேப்டாப்புல பழைய காலத்து எழுத்துரு எழுநூறு, எண்ணூறு கிடக்கும், யாரோ ஒரு சிடியில குடுத்தது. ஒவ்வொரு தடவையும் மென்பொருள் திறக்கும்போது அத்தனையையும் வாசிச்சிட்டுத்தான் வரும். உபயோகிக்கிற பத்தை வெச்சிக்கிட்டு மீதியைத் தூக்கிடுங்க. அப்புறம் கொம்பும் காலும் தனித்தனியா நின்னா எழுத்துருவைத் திட்டாதீங்க. பழைய பதிப்புன்னா டைப் அமைப்புல போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்க, 'கொ' ஒழுங்கா வந்துடும்.

கோயில்_தொண்டூழியர் | புதன், காலை 11:20

100க்கு மாற்றினேன். தூரிகை இப்போது கையோடு வருகிறது. மாலையை மறுபடியும் வரைய வேண்டும், அதுதான் வருத்தம். எழுத்துருக்களை எண்ணினேன். 912. வெட்கமாக இருக்கிறது.

மட்டுறுத்துநர் | புதன், மதியம் 12:00

பேனர் பேச்சைத் தனி இழையாகப் பிரிக்கலாம் என்று நினைத்தேன். படித்த பிறகு மனம் வரவில்லை, இங்கேயே இருக்கட்டும். ரேம் கிளீனர் மென்பொருளுக்கு விளம்பரச் சுட்டி போட்ட ஒருவரின் பதிவை நீக்கியிருக்கிறேன்.

உபி_கேட்காரன் | புதன், இரவு 8:35

நீக்குனது நல்லது. ரேம் கிளீனர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதுவும் கேட் வேலைக்கு ஒரு செகண்ட் மிச்சம் பண்ணாது. விண்டோஸ் வெச்சிருக்கிறதை வெளியே துரத்தும், மறுபடி அதையே டிஸ்க்குல இருந்து எடுத்துட்டு வரணும். குடத்துல இருக்கிற தண்ணியைக் கொட்டிட்டு மறுபடி கிணத்துக்குப் போற கதை.

இப்போ தம்பி கோப்பு. உட்கார்ந்து எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்தக் காலி டிராயிங் 50 செகண்ட். காலியா இருக்கிறதுக்கு என்ன 50 செகண்ட்? என் அனுபவத்துல முக்கால்வாசி நேரம் இது பிரிண்டர். உங்க விண்டோஸ்ல டீஃபால்ட் பிரிண்டர் ஆபீஸ் பிளாட்டரா (பெரிய தாள் பிரிண்டர்) இருக்கும். வீட்டுல அது இல்ல. ஆட்டோகேட் எழுந்ததும், லேஅவுட் மாத்தும்போதெல்லாம், "பிளாட்டர் அண்ணே இருக்கீங்களா"ன்னு நெட்வொர்க்குல கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராது. கடைசியில சலிச்சுப் போய் மேல போகும். அந்தச் சலிப்புதான் உங்க வட்டம் சுத்துறது. விண்டோஸ் பிரிண்டர் அமைப்புல போய், 'விண்டோஸே முடிவு பண்ணட்டும்'ங்கிற டிக்கை எடுத்துட்டு, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்ஐ டீஃபால்டா வைங்க. அப்படியே ஆட்டோகேட் ஆப்ஷன்ஸ்ல சப்போர்ட் பாத் பட்டியலைப் பாருங்க. ஆபீஸ் சர்வர் டிரைவ் ஏதாவது அதுல இருந்தா, அதுக்கும் இதே காத்திருப்பு.

அடுத்து 48 எம்பி. கோப்புக்கு ஒரு நகல் எடுங்க. நகல். மூலத்துல கை வெச்சிட்டு நாளைக்கு என்னைத் திட்டக்கூடாது.

நகலைத் திறந்து பர்ஜ் (உபயோகத்துல இல்லாததைத் துடைக்கிற கட்டளை) போடுங்க, ஆனா பெட்டி திறக்கிற பர்ஜ் இல்ல. முன்னாடி ஒரு சின்னக் கோடு போட்டு, மைனஸ் பர்ஜ். கமாண்ட் லைன்லயே கேள்வி கேக்கும். அதுல ரெக்ஆப்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுக்கு ஆர் அழுத்துங்க. பெயர் கேட்டா நட்சத்திரக் குறி. ஒவ்வொண்ணா உறுதிப்படுத்தவான்னு கேட்டா வேண்டாம்னு என். என்ன நடக்குதுன்னு பாருங்க.

ரெக்ஆப்ஸ்னா என்னன்னா, ஆட்டோகேட்டுக்கு மேல ஓடுற ஒவ்வொரு துணை மென்பொருளும் டிராயிங்ல தன் பேரை ஒரு சீட்டுல எழுதிப் போட்டுட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது. யாரோ ஒருத்தர் கோப்புல இருந்து ஒரு கதவு பிளாக்கை காப்பி பண்ணி ஒட்டுனா, கதவோட அவர் கோப்புல இருந்த சீட்டெல்லாமும் கூடவே வரும். அந்தக் கோப்புல இருந்து அடுத்த கோப்பு. பத்து வருஷம் இப்படியே போனா சீட்டு ஆயிரக்கணக்குல சேர்ந்துடும். மைக்ரோஸ்டேஷன்ங்கிற வேற கேட் மென்பொருள்ல இருந்து வந்த கோப்பு ஏதாவது கலந்திருந்தா அதோட டிஜிஎன் லைன்ஸ்டைல் (கோட்டு வகை) குப்பையும் இதே மாதிரி ஒட்டும். அதையும் புதுப் பதிப்புகள்ல பர்ஜே எடுத்துடும்.

அப்புறம் மைனஸ் ஸ்கேல்லிஸ்ட்எடிட், ரீசெட். ஸ்கேல் பட்டியல்லயும் நூத்துக்கணக்குல குப்பை இருக்கும். அப்புறம் ஆடிட், பிழையைத் திருத்தவான்னு கேட்டா ஆமாம். மறுபடியும் ஒரு பர்ஜ், இந்தத் தடவை சாதாரணமா, எல்லாத்தையும்.

கடைசியா ஒரு கேள்வி. வீவக பிளானை பிடிஎஃப்ல இருந்து இம்போர்ட் பண்ணியிருக்கீங்களா?

ஜூரோங்_டிராஃப்டர் | புதன், இரவு 10:50

செங்கல் சார்ஜர் தூக்கிட்டு வந்தேன், 150 வாட்னு எழுதியிருக்கு. ஸ்பீட் இப்போ 4.1, 4.2ல நிக்குது. அதே 48 எம்பி கோப்பு, கோப்புல ஒண்ணும் தொடாம, ரெண்டே முக்கால் நிமிஷம். ஆறுல இருந்து. சார்ஜர் மட்டும்! ஈசூன் அண்ணே, கும்பிடு.

அப்புறம் பிரிண்டரை மாத்துனேன். காலி டிராயிங் 12 செகண்ட். கேட்காரர் அண்ணே சொன்னது அப்படியே, டீஃபால்ட்ல ஆபீஸ் பிளாட்டர்தான் இருந்துச்சு.

அப்புறம் மைனஸ் பர்ஜ், ஆர், நட்சத்திரம், என். கமாண்ட் லைன்ல பேரு பேரா மேல ஏற ஆரம்பிச்சுது. ஓடுது, ஓடுது, நிக்கவே இல்ல. எழுந்து போய் மைலோ கலக்கிக் குடிச்சிட்டு வந்தேன், அப்பவும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. முடிஞ்சதும் சேமிச்சுப் பார்த்தா 48 எம்பி கோப்பு 5.2 எம்பி. நான் வரைஞ்ச ஒரு கோடுகூடக் குறையல. எத்தனை வருஷமா நான் குப்பையைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கேன்!

பிடிஎஃப் இம்போர்ட் பண்ணியிருக்கேன், ஆமாம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

உபி_கேட்காரன் | வியாழன், காலை 7:48

எல்லாரும் பண்றதுதான். 2017 பதிப்புல பிடிஎஃப்இம்போர்ட் வந்ததுல இருந்து ஊரே அதைத்தான் பண்ணுது. பிடிஎஃப்ல இருக்கிற ஹேட்ச் (பரப்பை நிரப்புற கோட்டு வடிவம்) கோடு கோடா உடைஞ்சு வரும், வளைவு துண்டு துண்டா வரும், எழுத்துகூட சில சமயம் கோடாயிடும். ஒண்ணுமேல ஒண்ணு மூணு கோடு கிடக்கும். ஓவர்கில் போடுங்க, ஒண்ணுமேல ஒண்ணு கிடக்கிறதை அது தின்னுடும். அதுக்கும் மேல ஒரு யோசனை: பிடிஎஃப்பை உடைக்காம அட்டாச் பண்ணி, அதுக்கு மேல சுவரை நீங்களே வரைங்க. நாலறை வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகுமா? அந்த ஒரு மணி நேரம் பின்னாடி வட்டியோட திரும்பி வரும். எப்படியும் வீட்டுக்குப் போய் அளந்து திருத்தத்தானே போறீங்க.

பிம்_அக்கா | வியாழன், காலை 9:30

தம்பி, ஆட்டோகேட் சரியாகிவிட்டது. ஸ்கெட்ச்அப்பில் தரைவீடு திரும்பவில்லை என்றீர்களே, அதை யாரும் தொடவில்லை. மனை அளவை வரைபடத்தை உள்ளே கொண்டுவந்தீர்களா? சர்வேயர் கொடுத்த டோப்போ கோப்பு?

ஜூரோங்_டிராஃப்டர் | வியாழன், காலை 10:02

ஆமாம் அக்கா. சிராங்கூன் கார்டன்ஸ் வீடு. சர்வேயர் கோப்பை அப்படியே இம்போர்ட் பண்ணேன். அப்புறம் வீடு பாதி மறையுது, கோடு நடுங்குது, திருப்புனா வெட்டுப்பட்ட மாதிரி தெரியுது. கிராபிக்ஸ் அட்டை போச்சுன்னு நினைச்சேன்.

பிம்_அக்கா | வியாழன், காலை 10:40

அட்டை நன்றாகத்தான் இருக்கும். இது சிங்கப்பூரில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒருமுறையாவது வருகிற நோய், பெயர் எஸ்விஒய்21.

நம் நில அளவைக்கு உரிய ஆயத்தொலை முறை அது. அதன் மூலப் புள்ளி தீவின் நடுவில் இருக்கிறது. ஆனால் எந்த எண்ணும் மைனஸில் போகக்கூடாது என்பதற்காக அந்தப் புள்ளிக்கே கிழக்கு 28,001.642 மீட்டர், வடக்கு 38,744.572 மீட்டர் என்று மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆக உண்மையான பூஜ்யம், பூஜ்யம் தென்மேற்கே சிங்கப்பூருக்கு வெளியே போய்விடுகிறது. உங்கள் சிராங்கூன் கார்டன்ஸ் வீடு அந்தப் பூஜ்யத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மில்லிமீட்டரில் எழுதினால் வடக்கு மதிப்பு 38 மில்லியன் சொச்சம், எட்டு இலக்கம். திரையில் படம் காட்டும்போது கிராபிக்ஸ் அட்டை பெரும்பாலும் 32 பிட் எண்களில்தான் கணக்குப் போடும். அதில் சுமார் ஏழு இலக்கம்வரைதான் துல்லியம். அந்த அளவு எண்ணில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 4 மில்லிமீட்டர் இடைவெளி. 18 மில்லிமீட்டர் பிளைவுட் கேபினெட்டை 4 மில்லிமீட்டர் தாவலில் வரைந்தால் நடுங்காமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது: சர்வேயர் கோப்பின் நகலில், மனையின் ஒரு மூலையைப் பிடித்து 0,0க்கு நகர்த்துங்கள். எந்தப் புள்ளி, எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். அதை ஸ்கெட்ச்அப்பில் கொண்டுவரும்போது ஆப்ஷன்ஸில் 'பிரிசர்வ் டிராயிங் ஆரிஜின்' டிக்கை எடுத்துவிடுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். அதிகாரிகளுக்குப் போகும் சமர்ப்பிப்பில் எஸ்விஒய்21 அப்படியே இருக்க வேண்டும்.

ரெவிட்டிலும் இதே கதை. உள் ஆரம்பப் புள்ளியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவைத் தாண்டினால் அது முறைக்கும். அங்கே நகர்த்தக்கூடாது, ஷேர்ட் கோஆர்டினேட்ஸ் வைக்க வேண்டும். 2015லிருந்து 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு பிஐஎம் (கட்டடத் தகவல் மாடல்) முறையில் சமர்ப்பிக்கச் சொன்னபோது, எங்கள் அலுவலகத்தில் முதல் மாதம் முழுக்க இந்த நடுக்கத்தோடுதான் போராடினோம். மூன்று பேர் லேப்டாப்பையே மாற்றினார்கள். ஒருவருக்கும் சரியாகவில்லை.

ஜூரோங்_டிராஃப்டர் | வியாழன், மதியம் 12:45

அக்கா, 0,0க்கு கொண்டுவந்தேன். நடுக்கம் நின்னுடுச்சு. சாப்பாட்டு நேரத்துல செஞ்சது, பசியே மறந்துடுச்சு.

ஆனா திருப்பும்போது இன்னும் கொஞ்சம் இழுக்குது.

ஈசூன்_இரவுப்பறவை | வியாழன், இரவு 9:22

இழுக்கிறது ரெண்டு காரணமா இருக்கலாம். ஒண்ணு, ஸ்கெட்ச்அப் உங்க ஜிடிஎக்ஸ்ல ஓடாம இன்டெல் கிராபிக்ஸ்ல ஓடுது. விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் ஸ்கெட்ச்அப்பைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் வைங்க. 2024 பதிப்புல இருந்து புது கிராபிக்ஸ் எஞ்சினும் இருக்கு, போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, 3டி வேர்ஹவுஸ்ல (ஸ்கெட்ச்அப்போட மாடல் தளம்) இருந்து சோபா, செடி இறக்குனீங்களா? மாடல் இன்ஃபோ, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாருங்க, அங்கேயே 'பர்ஜ் அன்யூஸ்ட்' இருக்கு. ஒரு மணிபிளான்ட் தொட்டி மொத்த வீட்டைவிடக் கனமா இருக்கும், சிரிக்காதீங்க, பார்த்திருக்கேன். வேலை பண்ணும்போது நிழலையும் புரொஃபைல் கோட்டையும் அணைச்சு வைங்க.

ரேம்: 7.8ல 7.3 போனதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா இதுக்கு மட்டும் காசு செலவு பண்ணலாம். ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணு காலியா இருக்கான்னு டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்துலயே காட்டும். காலியா இருந்தா இன்னொரு 8 ஜிபி, டிடிஆர்4 3200, லேப்டாப்புக்கான எஸ்ஓ-டிம். டிடிஆர்5 வாங்கிட்டு வந்துடாதீங்க, உள்ள நுழையவே நுழையாது. ரெண்டு குச்சி ஆனா டூயல் சேனல், இன்டெல் கிராபிக்ஸும் கொஞ்சம் மூச்சு விடும். ரேம் விலை இப்போ ஏறிக் கிடக்கு, சிம் லிம் கணினிக் கடைத்தொகுதியில ரெண்டு மூணு மாடி ஏறி இறங்கிக் கேட்டுட்டு வாங்குங்க.

ஜூரோங்_டிராஃப்டர் | சனி, மாலை 5:15

ரேம் வாங்க ரொச்சோர் எம்ஆர்டியில இறங்கி சிம் லிம் போனேன். நாலாவது கடையில படிஞ்சுது. பழைய லேப்டாப்பைத் திறந்து பார்த்த அண்ணன் விசிறியில இருந்து எடுத்த தூசியை ஒரு டிஷ்யூல வெச்சுக் காட்டினார். குருவிக்கூடு. அதுக்குக் காசு வாங்கல.

இப்போ நிலவரம்: அந்தக் கோப்பு (ஓவர்கில்லுக்கு அப்புறம் 2.9 எம்பி) 9 செகண்ட். தரைவீடு கையோட திரும்புது. மணிபிளான்ட்டும் இருந்துச்சு, அண்ணே. மூணு.

பாஸ்கிட்ட சொன்னேன். அவர் கேட்டார், "அப்போ மத்தவங்க கோப்பும் இப்படித்தான் கிடக்கா?" பார்த்தேன். கம்பெனி டெம்ப்ளேட்லயே குப்பை. ஒவ்வொரு புது புராஜெக்டும் பிறக்கும்போதே நோயோட பிறக்குது. சர்வர்ல 212 கோப்பு. ஒவ்வொண்ணா திறந்து பர்ஜ் போட்டா இந்த மாசம் முழுக்க இதான் வேலை. வேற வழி இருக்கா?

உபி_கேட்காரன் | சனி, இரவு 8:05

இருக்கு. ஆட்டோகேட் ஃபோல்டர்லயே ஏசிகோர்கன்சோல்னு ஒரு சின்ன புரோகிராம் கிடக்கும், 2013 பதிப்புல இருந்தே. ஜன்னல், ரிப்பன் எதுவும் இல்லாம ஆட்டோகேட் எஞ்சினை மட்டும் ஓட்டும். மைனஸ் பர்ஜ் ரெக்ஆப்ஸ், ஸ்கேல் ரீசெட், ஆடிட், மறுபடி பர்ஜ், சேவ்: இதையெல்லாம் நீங்க தட்டின வரிசையிலயே ஒரு நோட்பேட் கோப்புல எழுதி, எஸ்சிஆர்னு முடியற பேருல வைங்க. ஒரு பேட்ச் கோப்பு போட்டு ஃபோல்டர்ல இருக்கிற ஒவ்வொரு டிராயிங்கையும் வரிசையா அதுக்கு ஊட்டி விடுங்க. ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கலாம்.

டெம்ப்ளேட்டை முதல்ல சுத்தம் பண்ணுங்க, இல்லன்னா திங்கட்கிழமை யாராவது 213வது கோப்பைத் திறப்பாங்க. முதல்ல அஞ்சு கோப்புல ஓட்டிப் பாருங்க. அந்த அஞ்சுக்கும் நகல் எடுத்துட்டு.

ஜூரோங்_டிராஃப்டர் | சனி, இரவு 8:11

நகல் எடுத்துட்டேன் அண்ணே. 212க்கும்.